அந்த ஊரில் இப்போது மணி என்ன?



"இப்போது நேரம் காலை 7 மணி" என்று வானொலி அறிவித்ததும், கன்னியாகுமரியில் இருப்பவரும் காஷ்மீரத்தில் இருப்பவரும் தத்தம் கடிகாரத்தை ஒரே விதமாகத் திருத்திக் கொள்கின்றனர். அதே கணத்தில் ஜப்பானியரின் தலைநகரான டோக்கியோவில் மணி 10½ ஆகிவிட்டது. லண்டன் மாநகரில் இன்னும் பொழுது விடியவில்லை. குளிர்காலமாயின் அங்கே இரவு 1½ மணி, கோடைக்காலமாயின் 2½ மணி. நியூயார்க் நகரத்தாரோ முந்தைய நாளின் இரவிலேயே இருக்கின்றனர். உலகம் ஒன்று, கணமும் ஒன்று. மணி மட்டும் பலவாக இருக்கிறது.

ஓர் ஊரின் பெயரைக் கொடுத்து, "அவ்வூரில் இப்போது மணி என்ன?" என்று ஒருவர் கேட்டால் எவ்வாறு விடை காண்பது? பூகோளப் பாடத்தில் தீர்க்கரேகையைப் பற்றிப் படித்த மாணவன், "இது எளிய வகுத்தல் கணக்குத்தானே!" என்பான். அவன் கூறுவது பாதி உண்மை. ஓர் ஊரின் மணியை வானம் பாதி சொல்லும்; மீதியை அவ்வூரை ஆளும் சட்டமே சொல்லும். இவ்விரண்டையும் பிரித்தறிந்து கொள்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் வானம் சொல்லும் பாதியைப் பார்ப்போம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகத் தன்னைத்தானே சுற்றுகிறது. அதன் சுற்றளவை 360 பாகைகளாகப் பிரித்திருக்கிறோம். சூரியன் உச்சியை விட்டு மீண்டும் உச்சிக்கு வர 24 மணி ஆகிறது. 360ஐ 24ஆல் வகுத்தால் 15. ஆகவே 15 பாகைக்கு ஒரு மணி நேரம். ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே உள்ள ஊரில் சூரியன் முன்னதாகவும், மேற்கே உள்ள ஊரில் பின்னதாகவும் உச்சிக்கு வரும். இவ்வாறு சூரியனைக் கொண்டு ஓர் ஊருக்கு மட்டும் உரியதாகக் கணக்கிடும் நேரத்தைத் தல நேரம் என்பர்.

நம் நாட்டு ஊர்களையே எடுத்துக் கொள்வோம். நாகப்பட்டினம் ஏறத்தாழ 80 பாகைத் தீர்க்கரேகையில் இருக்கிறது. கோயம்புத்தூர் 77 பாகையில் இருக்கிறது. வேறுபாடு ஏறக்குறைய 3 பாகை. எனவே நாகையில் சூரியன் உச்சியில் நின்ற பிறகு, கோவையில் உச்சிக்கு வர ஏறக்குறைய 12 நிமிடம் செல்லும். கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் பயணம் செய்த நாட்களில் இந்த 12 நிமிடத்தால் எவருக்கும் துன்பம் இருந்ததில்லை. ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேலுள்ள சூரியனையே கடிகாரமாகக் கொண்டிருந்தது.

புகைவண்டி வந்தபின் நிலைமை மாறியது. ஒரே தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக வண்டிகள் செல்லும்போது, இரு நிலையத்தாரின் கடிகாரங்கள் வெவ்வேறு மணி காட்டினால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தின் புகைவண்டிக் குழுமங்களிற் பெரும்பாலானவை 1847 முதற்கொண்டு கிரீனிச் வானாய்வகத்தின் நேரத்தையே எங்கும் பின்பற்றத் தொடங்கின. ஆனால் அது அந்நாட்டின் சட்டமானது 1880இல் தான். அமெரிக்காவில் 1883 நவம்பர் 18ஆம் நாள் புகைவண்டிக் குழுமங்கள் தாங்களே கூடி, நாட்டைச் சில பெரும் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் ஒரே நேரம் என வகுத்தன. நேர மண்டலம் என்று நாம் இன்று வழங்குவது இத்தகைய பட்டையைத்தான்.

அடுத்த ஆண்டு, அதாவது 1884இல், 25 நாடுகளின் பிரதிநிதிகள் வாஷிங்டன் நகரில் கூடினர். கிரீனிச் வழியாகச் செல்லும் கோட்டையே சுழிப் பாகைத் தீர்க்கரேகையாகக் கொள்வதென அம்மாநாடு முடிவு செய்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணத் தொடங்கும் இடத்தைத்தான் அம்மாநாடு குறித்தது. இன்ன நாடு இன்ன நேரத்தைத்தான் கொள்ள வேண்டும் என்று அது கட்டளை இடவில்லை. அந்த உரிமை அந்தந்த நாட்டு அரசிடமே இருந்தது. இன்றும் அவ்வாறே இருக்கிறது. நேர மண்டலங்களின் எல்லைகள் உலகப் படத்தில் நேர்கோடாக இல்லாமல் வளைந்து நெளிந்து செல்வதற்குக் காரணம் இதுவே.

நம் நாட்டின் வரலாறும் இதற்குச் சான்று. சென்னை 80¼ பாகையில் உள்ளது. அதனை 4ஆல் பெருக்கினால் 321 நிமிடம். அதாவது கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1792இல் எழுந்த சென்னை வானாய்வகம் கணித்த இந்த நேரத்தையே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியப் புகைவண்டிகள் பின்பற்றி வந்தன. கல்கத்தாவும் பம்பாயும் தத்தம் நகர நேரத்தைத் தனியே கொண்டிருந்தன. 1906 ஜனவரி முதல் நாள் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்து மிர்ஸாபூருக்கு அருகே செல்லும் 82½ பாகைக் கோடு அதற்கு அடிப்படை. 82½ஐ 4ஆல் பெருக்குங்கள். 330 நிமிடம், அதாவது 5½ மணி. கணக்கு அன்றே முடிந்துவிட்டது. ஆயினும் கல்கத்தா தன் பழைய நேரத்தை 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் கைவிடவில்லை. மணி என்பது கணக்கு மட்டுமன்று, மக்களின் இசைவும் அதில் அடங்கியிருக்கிறது என்பது இதனால் விளங்குகிறதல்லவா?

இனி, ஓர் ஊரின் நேர மண்டலத்தைக் கண்டறியும் முறைக்கு வருவோம். அதற்கு வரிசையாக நான்கு கேள்விகள் கேட்டுக் கொள்ள வேண்டும்.

முதற் கேள்வி: அவ்வூர் எந்தத் தீர்க்கரேகையில் உள்ளது? அந்த எண்ணை 15ஆல் வகுத்து, அருகிலுள்ள முழு எண்ணை எடுத்துக் கொள்ளுங்கள். கிழக்காயின் கூட்டவும், மேற்காயின் கழிக்கவும் வேண்டும். டோக்கியோ ஏறத்தாழ 140 பாகை. வகுத்தால் 9க்குச் சற்று மேல். கிரீனிச்சைவிட 9 மணி முந்தியது என்று கணக்கு சொல்கிறது, உண்மையும் அதுவே. எகிப்தின் தலைநகரான கெய்ரோ 31 பாகை, வகுத்தால் 2. அந்நாட்டின் திட்ட நேரமும் 2 மணி முந்தியதே. நடுக்கடலில் செல்லும் கப்பலுக்கு இக்கணக்கு முற்றிலும் பொருந்தும். எந்த அரசின் எல்லைக்கும் உட்படாத ஆழ்கடலில் 15 பாகை அகலமுள்ள பட்டைகளே நேர மண்டலங்கள்.

ஆனால் கரைக்கு வந்ததும் கணக்கு தடுமாறுகிறது. சிங்கப்பூர் ஏறத்தாழ 104 பாகையில் உள்ளது. வகுத்தால் 7 மணி வர வேண்டும். அங்கு வழங்குவதோ 8 மணி. ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரம் கிரீனிச்சுக்கு மேற்கே ஏறத்தாழ 4 பாகையில் இருக்கிறது. கணக்கின்படி அது கிரீனிச் நேரத்திலேயே இருக்க வேண்டும். உண்மையில் ஒரு மணி முந்தியிருக்கிறது. சீனத்தின் மேற்கு எல்லையை ஒட்டிய காஷ்கர் 76 பாகையில் உள்ளது. கணக்கு 5 என்கிறது. சட்டம் 8 என்கிறது. இத்தனை வேறுபாடு ஏன்?

இங்குதான் இரண்டாம் கேள்வி பிறக்கிறது: அவ்வூர் எந்த அரசின் ஆட்சியில் உள்ளது? அவ்வரசின் சட்டம் என்ன?

1949க்குப் பின் சீனம் தன் நாடு முழுமைக்கும் பீகிங் நேரம் ஒன்றையே விதித்தது. ஆதலால் காஷ்கரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறத்தாழ பிற்பகல் 3 மணி காட்டும். அங்குள்ள உய்குர் மக்களிற் பலர், தங்களுக்குள் 2 மணி பிந்திய வேறொரு நேரத்தையும் வழங்கி வருகின்றனர். ஸ்பெயின் 1940இல், பிராங்கோ ஆட்சியின்போது, ஜெர்மனி முதலிய நடு ஐரோப்பிய நாடுகளின் நேரத்துக்கு மாறியது. போர் முடிந்தும் பழைய நேரத்துக்குத் திரும்பவில்லை. மலேசியா 1982 ஜனவரி முதல் நாள், தீபகற்பப் பகுதியின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக்கியது. அண்டை நாட்டோடு வாணிபமும் போக்குவரத்தும் இடர்ப்படாதிருக்கச் சிங்கப்பூரும் உடன் மாறியது. நேபாளம் 1986இல் கௌரிசங்கர் மலைமுடியின் வழியே செல்லும் 86¼ பாகைக் கோட்டைத் தன் அடிப்படையாகக் கொண்டது. 86¼ஐ 4ஆல் பெருக்கினால் 345 நிமிடம். அதாவது 5¾ மணி. நம் எல்லையைக் கடந்து காத்மாண்டு செல்பவர், கடிகாரத்தைக் கால் மணி மட்டும் முன்னே திருப்ப வேண்டியிருப்பது இதனாலேயே.

ஒரே நாட்டுக்குள் பல மண்டலங்கள் இருப்பதும் உண்டு. ரஷ்யாவில் 11 மண்டலங்கள் உள்ளன. அமெரிக்காவில் கென்டக்கி, டென்னசி முதலிய மாநிலங்களில் எல்லைக் கோடு மாநிலத்தின் நடுவே செல்கிறது. ஆதலால் நாட்டின் பெயரோ மாநிலத்தின் பெயரோ போதாது. ஊர் அக்கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதைப் பார்க்க வேண்டும். நம் நாடு கிழக்கு மேற்காக ஏறத்தாழ 29 பாகை பரந்தது. அருணாசலத்தின் கீழ்க்கோடியில் சூரியன் உச்சிக்கு வந்த பின், குஜராத்தின் மேற்குக் கோடியில் உச்சிக்கு வர இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகும். எனினும் சட்டப்படி நமக்கு மண்டலம் ஒன்றே. அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்கள் பல, பகல் வெளிச்சத்தை வீணாக்காதிருக்க, ஒரு மணி முந்திய தோட்ட நேரத்தைத் தம் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டன.

மூன்றாம் கேள்வி: அது எந்த மாதம்? குளிர் நாடுகள் பல, கோடையில் பகல் நீள்வதால், கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கின்றன. இன்றுள்ள விதிப்படி பிரிட்டன் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று முன்னே தள்ளி, அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று பின்னே திருப்புகிறது. அமெரிக்காவில் 2007 முதல் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறும் நவம்பர் மாத முதல் ஞாயிறும் அந்நாட்கள். அங்கும் விலக்கு உண்டு. அரிசோனா மாநிலம் கோடைக்கால நேரத்தைப் பின்பற்றுவதில்லை. ஆனால் அம்மாநிலத்திலுள்ள நவஹோ பழங்குடியினரின் ஆட்சிப் பகுதி பின்பற்றுகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று எண்ண வேண்டாம். லண்டனிலுள்ள ஒரு கல்லூரி நம் மாணவர் ஒருவரை ஏப்ரல் மாதம் ஒரு நாள், அவ்வூர் நேரப்படி பிற்பகல் 2 மணிக்குக் காணொலி வழியே நேர்காணலுக்கு அழைக்கிறது என்று கொள்வோம். "லண்டனுக்கும் நமக்கும் 5½ மணி வேறுபாடு" என்று குளிர்காலத்தில் படித்ததை நினைவில் வைத்து, அவர் மாலை 7½ மணிக்குக் காத்திருக்கிறார். மார்ச் மாத இறுதியிலேயே லண்டன் தன் கடிகாரத்தை முன்னே தள்ளிவிட்டது. வேறுபாடு 4½ மணியாகச் சுருங்கிவிட்டது. நேர்காணல் 6½ மணிக்கே நடந்து முடிந்திருக்கும். பல ஆண்டு உழைப்பின் பயன் ஒரு மணி நேரத்தில் கைநழுவிப் போகும்.

நான்காம் கேள்வி: அது எந்த ஆண்டு? அரசுகள் சட்டத்தை மாற்றுவதால் ஓர் ஊரின் மணி காலத்துக்குக் காலம் வேறுபடுகிறது. இலங்கையைப் பாருங்கள். அந்நாடு நம்மைப் போலவே 5½ மணிக் கணக்கில் இருந்தது. மழை பொய்த்து மின்சாரம் குறைந்ததால் 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னே திருப்பியது. 2006 ஏப்ரலில் மீண்டும் 5½ மணிக்கே வந்து சேர்ந்தது. அவ்வாண்டுகளில் வடக்கே விடுதலைப் புலிகளின் ஆட்சியிலிருந்த பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே நின்றன. ஒரே தீவில் இரண்டு மணி. தீர்க்கரேகை மாறவில்லை, ஊர் நகரவில்லை. ஆட்சி எது என்பதே மணியைத் தீர்மானித்தது.

நம் நாட்டிலும் இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, கடிகாரம் ஒரு மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தது. 1944இல் மதுரையில் பிறந்த ஒருவரின் குறிப்பில் காலை 6½ மணி என்று எழுதியிருந்தால், இன்றைய கணக்கில் அது 5½ மணியாகும். சோதிடத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் இலக்கினம் ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவது என்பதால், ஜாதகம் கணிப்போர் அந்த ஒரு மணியைக் கழித்த பின்பே கணிக்கத் தொடங்குவர். பழைய தந்தி, கப்பல் குறிப்பு, நீதிமன்ற ஆவணம் ஆகியவற்றை ஆராய்வோர்க்கும் இவ்வெச்சரிக்கை வேண்டும். மணி மட்டுமன்று, நாளே மாறியதும் உண்டு. பசிபிக் கடலிலுள்ள சமோவாத் தீவினர், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து நாடுகளோடு வாணிபம் எளிதாக நடக்க வேண்டி, 2011 டிசம்பர் 30ஆம் நாளையே தங்கள் நாட்காட்டியிலிருந்து நீக்கிவிட்டனர். அவர்களுக்கு வியாழனை அடுத்து வந்தது சனிக்கிழமை.

"கைப்பேசி தானாகவே மணியைக் காட்டுகிறதே! நாங்கள் ஏன் இவ்வளவும் அறிய வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். கைப்பேசியும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறது. செயற்கைக்கோள்களின் உதவியால் அது தன் இருப்பிடத்தின் தீர்க்கரேகையையும் அட்சரேகையையும் அறியக்கூடும். அப்புள்ளி எந்த மண்டலத்தின் எல்லைக்குள் விழுகிறது என்பதைக் கணிப்பொறிகள் காணும் வழிகளுள் ஒன்று மிக எளியது. வளைந்து நெளிந்த மதில் சூழ்ந்த தோப்பு ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து வெகு தொலைவுக்கு ஒரு நேர்கோடு இழுங்கள். அக்கோடு மதிலை ஒற்றைப்படையான தடவை கடந்தால் நீங்கள் தோப்புக்குள் இருக்கிறீர்கள். இரட்டைப்படையானால் வெளியே இருக்கிறீர்கள். ஒரு தாளில் வரைந்து பாருங்கள், உண்மை விளங்கும்.

மண்டலம் தெரிந்தபின், கணிப்பொறி ஒரு பெரிய பதிவேட்டைப் புரட்டுகிறது. எந்த மண்டலம் எந்த ஆண்டில், எந்த நாளில், எத்தனை மணி முந்தியோ பிந்தியோ இருந்தது என்பதெல்லாம் அப்பதிவேட்டில் உண்டு. அமெரிக்கரான ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கிய அப்பணியைத் தன்னார்வத் தொண்டர்கள் இன்றளவும் செய்து வருகின்றனர். அதில் மண்டலங்களுக்கு நாட்டின் பெயரை இடாமல், கண்டத்தின் பெயரையும் ஒரு பெருநகரின் பெயரையும் சேர்த்து இடுவது வழக்கம். நாடுகளின் பெயரும் எல்லையும் மாறக்கூடும். நகரம் இருந்த இடத்திலேயே இருக்கும். நம் மண்டலத்துக்கு அதில் 'ஆசியா, கொல்கத்தா' என்று பெயர். ஓர் அரசு திடீரென நேரத்தை மாற்றினால், பதிவேடு திருத்தப்பட்டு நம் கைக்கு வந்து சேரும் வரையில், அறிவுமிக்க அந்தக் கருவியும் பழைய மணியையே காட்டும்.

ஆகவே மாணவர்களே, வெளியூருக்கு நேரம் குறித்து எழுதும்போது மணியை மட்டும் எழுதாதீர்கள். நாளையும் ஊரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். 'ஐ.எஸ்.டி.' என்ற மூன்றெழுத்து இந்திய நேரத்தையும் குறிக்கும், இஸ்ரேல் நேரத்தையும் குறிக்கும், அயர்லாந்து நேரத்தையும் குறிக்கும். "சென்னை நேரம் மாலை 6½ மணி, கிரீனிச் நேரம் பிற்பகல் 1 மணி" என்று இரண்டையும் எழுதினால் மயக்கத்துக்கு இடமே இல்லை. கிரீனிச் நேரத்தின் இடத்தில் இன்று அணுக் கடிகாரங்கள் காக்கும் உலகப் பொது நேரம் வழங்குகிறது; நம் அன்றாடக் கணக்குக்கு இரண்டும் ஒன்றே.

உலகப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, உங்களுக்குப் பிடித்த ஐந்து ஊர்களைத் தேர்ந்தெடுங்கள். தீர்க்கரேகையை 15ஆல் வகுத்து ஒரு விடை எழுதுங்கள். பிறகு அவ்வூரில் உண்மையில் வழங்கும் நேரத்தைக் கேட்டறிந்து பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் பூகோளம் கற்றீர்கள். ஒத்திராவிட்டால், ஏன் ஒத்திருக்கவில்லை என்று தேடிப் பாருங்கள். ஒரு போரோ, ஒரு வாணிப உடன்பாடோ, ஓர் ஆட்சி மாற்றமோ அங்கே தென்படும். அப்போது அந்நாட்டின் வரலாற்றையும் சேர்த்தே கற்றவர்கள் ஆவீர்கள்.